'உங்கள் குடும்பப் பெயரின் சின்னம்' என்று விற்கிறார்கள்: வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

எடின்பரோ, டப்ளின், லண்டன் என்று சுற்றுலாப் பயணிகள் கூடும் கடைத்தெருக்களில் இந்த வியாபாரம் நன்றாக நடக்கிறது. குடும்பப் பெயரைச் சொன்னால் போதும், கம்ப்யூட்டரில் தட்டி, சிங்கமோ கழுகோ நிற்கும் ஒரு கேடயப் படத்தை எடுத்து, காபிக் கோப்பையிலோ சாவிக்கொத்திலோ மரப்பலகையிலோ பதித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். கூடவே அந்தப் பெயரின் 'வரலாறு' என்று ஒரு பக்கம் அச்சடித்த தாளும் வரும். இணையத்தில் இதே கடை இன்னும் பெரிதாக விரிந்திருக்கிறது. ஸ்மித், டெய்லர், மர்ஃபி, எதைப் போட்டாலும் சின்னம் வரும். பெர்னாண்டோ, பெரேரா என்று போட்டாலும் வரும், அதனால் நம் ஆட்களும் 'இது எங்கள் குடும்பச் சின்னமாமே, உண்மையா?' என்று கேட்கிறார்கள்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். குடும்பப் பெயருக்கென்று கேடயச் சின்னம் எதுவும் கிடையாது. இங்கிலாந்தில் இந்தச் சின்னங்களை வழங்கும் அதிகாரம் உள்ள காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் அமைப்பே இதைத்தான் சொல்கிறது. சின்னம் ஒரு தனி மனிதருக்கு வழங்கப்படுகிறது, அவருக்குப் பிறகு சட்டப்படியான வாரிசுகளுக்கு ஆண் வழியில் இறங்குகிறது. அதே பெயர் வைத்திருக்கும் மற்றவர்களுக்கு அதில் எந்தப் பாத்தியதையும் இல்லை. முருகன் பெயரில் ஒரு பட்டா இருக்கிறது என்பதற்காக ஊரிலுள்ள முருகன்கள் எல்லோருக்கும் அந்த நிலம் சொந்தமாகிவிடுமா?

கடையில் தரும் படம் பெரும்பாலும் கற்பனையாக வரைந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பழைய தொகுப்பு நூல்களிலிருந்து எடுக்கிறார்கள். பெர்னார்ட் பர்க்கின் 'ஜெனரல் ஆர்மரி' 1884 பதிப்பு இதற்கு ரொம்ப வசதி, ஏனென்றால் அது பெயர் வரிசையில் இருக்கிறது. அதில் ஸ்மித் என்ற பெயரின் கீழ் ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாத ஸ்மித்களின் சின்னங்கள் அடுக்கடுக்காக இருக்கும். கடைக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எதையாவது ஒன்றை எடுத்து 'ஸ்மித் குடும்பச் சின்னம்' என்று போட்டுவிடுகிறார்கள். ஆக, உங்கள் கைக்கு வருவது உண்மையாக வாழ்ந்த ஒரு மனிதரின் உண்மையான சின்னம், ஆனால் அந்த மனிதர் உங்களுக்கு யாரும் இல்லை. தன் முன்னோர் யார் என்று ஆசையோடு தேடி வருகிறவரிடம் வேறு யாரோ ஒருவரின் தாத்தாவைக் காட்டி 'இவர்தான் உங்கள் தாத்தா' என்று சொல்லிக் காசு வாங்குவது எனக்கு ரொம்பவே வருத்தம் தரும் விஷயம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சரி, சின்னம் எப்படி ஒரு மனிதரோடு பிறந்து, அவர் வம்சத்தோடு முடிகிறது என்பதற்கு எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெயரையே எடுத்துக்கொள்வோம். வில்லியம் ஷேக்ஸ்பியர். அவருடைய அப்பா ஜான், ஸ்ட்ராட்ஃபோர்டில் தோல் கையுறை செய்து விற்றவர், ஊர் நிர்வாகத்திலும் பதவி வகித்தவர். 1596 அக்டோபரில் ஜானின் பெயருக்குச் சின்னம் வழங்க வரைவு எழுதப்பட்டது. அந்த வரைவுகள் இன்றும் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸில் இருக்கின்றன. பொன்னிறக் கேடயம், குறுக்கே சாய்வாக ஒரு கறுப்புப் பட்டை, அந்தப் பட்டையின் மேல் ஓர் ஈட்டி. மேலே சிறகு விரித்த வெள்ளை வல்லூறு ஒன்று ஈட்டியைப் பிடித்து நிற்கும். பிரெஞ்சில் 'உரிமை இல்லாமல் இல்லை' என்று பொருள்படும் வாசகமும் உண்டு. 'கூத்தாடி ஷேக்ஸ்பியருக்கெல்லாம் சின்னமா' என்ற தொனியில் ரால்ஃப் ப்ரூக் என்ற அலுவலர் 1602இல் புகார் கிளப்பியதும் பதிவாகியிருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு சின்னம் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்பது அந்தப் புகாரிலேயே தெரிகிறது.

இப்போது வாரிசுகளைப் பாருங்கள். வில்லியமின் ஒரே மகன் ஹாம்னெட், அந்த வரைவு எழுதப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பு, 1596 ஆகஸ்டில், 11 வயதில் இறந்துபோனான். தம்பிகள் கில்பர்ட், ரிச்சர்ட், எட்மண்ட் மூவருமே அண்ணனுக்கு முன்பே போய்விட்டார்கள், அவர்கள் வழியில் சட்டப்படியான மகன் யாரும் நிலைக்கவில்லை. பேத்தி எலிசபெத் 1670இல் பிள்ளையில்லாமல் இறந்ததோடு வில்லியமின் நேர் வம்சமே முடிந்தது. தங்கை ஜோன் வழியில் சந்ததி உண்டு, ஆனால் அவர்கள் பெயர் ஹார்ட். ஆக, இன்று உலகத்தில் ஷேக்ஸ்பியர் என்று பெயர் வைத்திருக்கும் ஒருவருக்குக்கூட ஜான் ஷேக்ஸ்பியரின் சின்னம் வாரிசுரிமையாக வந்திருக்க முடியாது. இருந்தும் 'ஷேக்ஸ்பியர் குடும்பச் சின்னம்' போட்ட கோப்பை கிடைக்கும்.

இனி வேலைக்கு வருவோம். உங்கள் பெயர், உங்கள் கணவர் அல்லது மனைவி வீட்டுப் பெயர், நண்பர் ஒருவரின் பெயர், எதுவாக இருந்தாலும் செய்யவேண்டியது ஒன்றுதான்.

முதலில் படத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

'ஃபேமிலி கிரெஸ்ட்' என்று எல்லோரும் முழுப் படத்தையும் சொல்கிறார்கள். கிரெஸ்ட் என்பது படத்தின் உச்சியில், தலைக்கவசத்தின் மேல் நிற்கும் உருவம் மட்டும்தான். ஷேக்ஸ்பியர் படத்தில் அந்த வல்லூறு. முக்கியமானது கேடயம். தலைக்கவசம், அதைச் சுற்றிப் பறக்கும் துணி, கீழே வாசகம் எழுதிய நாடா எல்லாம் அதைச் சுற்றி வருபவை. கேடயத்தின் இரண்டு பக்கமும் விலங்கோ மனித உருவமோ தாங்கிப் பிடித்து நின்றால் கவனியுங்கள். இங்கிலாந்தில் அந்தத் தாங்கிகள் பிரபுக்கள் போன்ற மிகச் சிலருக்கும் நகராட்சி போன்ற அமைப்புகளுக்கும்தான் தரப்படும். உங்கள் பெயருக்கென்று வந்த படத்தில் தாங்கிகள் இருந்தால், ஏதோ ஒரு பிரபுவின் சின்னத்தை அப்படியே தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள் என்று தாராளமாகச் சந்தேகப்படலாம்.

நிறங்களுக்கும் ஒரு ஒழுங்கு உண்டு. பொன், வெள்ளி இரண்டும் உலோகம். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா ஆகியவை வண்ணம். உலோகத்தின் மேல் உலோகமும் வண்ணத்தின் மேல் வண்ணமும் வைக்கக்கூடாது என்பது அடிப்படை விதி, தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியவேண்டும் என்பதுதான் காரணம். (ஜெருசலேம் அரசின் வெள்ளிக் கேடயத்தில் இருந்த பொற்சிலுவைகள் பேர்பெற்ற விதிவிலக்கு.) பழைய புத்தகங்களிலும் முத்திரைகளிலும் படம் கறுப்பு வெள்ளையில் இருந்தால் பயப்படாதீர்கள். புள்ளி வைத்திருந்தால் பொன், வெறுமையாக விட்டிருந்தால் வெள்ளி, செங்குத்துக் கோடு சிவப்பு, கிடைக்கோடு நீலம், இரண்டும் குறுக்கும் நெடுக்குமாக இருந்தால் கறுப்பு. 17ஆம் நூற்றாண்டில் பரவிய முறை இது. பாட்டி வீட்டு வெள்ளிக் கரண்டியில் செதுக்கியிருக்கும் சின்னத்துக்கு என்ன நிறம் என்று இதை வைத்தே சொல்லிவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. படம் ஒத்துப்போகிறது என்பதை வைத்து உறவு என்று முடிவு கட்டாதீர்கள். 1385இல் இரண்டாம் ரிச்சர்டு மன்னரின் ஸ்காட்லாந்துப் படையெடுப்பில் ஸ்க்ரோப் என்பவரும் க்ரோவ்னர் என்பவரும் நீலக் கேடயத்தில் பொன் சாய்வுப் பட்டையோடு வந்து நின்றார்கள். இரண்டு பேருக்கும் உறவே கிடையாது. வழக்கு வருடக்கணக்கில் நடந்தது, நூற்றுக்கணக்கானோர் சாட்சி சொன்னார்கள், அவர்களில் கவிஞர் சாசரும் ஒருவர். கடைசியில் சின்னம் ஸ்க்ரோப்புக்கே என்று தீர்ப்பானது, க்ரோவ்னர் வீட்டார் நீலத்தில் பொற்கதிர்க்கட்டு ஒன்றை வைத்துக்கொண்டார்கள்.

அடுத்து, பெயரைச் சந்தேகியுங்கள்

இங்கேதான் புதிதாக வருகிறவர்கள் ஏமாறுகிறார்கள், ஆகவே கொஞ்சம் நின்று பார்க்கலாம். பெயர் ஒன்று என்றால் வம்சமும் ஒன்று என்று நினைப்பதுதான் எல்லாத் தவறுக்கும் ஆரம்பம். இங்கிலாந்தில் 1066 நார்மன் படையெடுப்புக்குப் பிறகு மெல்ல மெல்லத்தான் குடும்பப் பெயர் வழக்கம் வேர்பிடித்தது, சாதாரண மக்களிடம் அது பரவி நிலைக்க 14ஆம் நூற்றாண்டு வரை ஆனது. கொல்லர் எல்லா ஊரிலும் இருந்தார், எல்லா ஊரிலும் ஒரு ஸ்மித் வம்சம் கிளம்பியது. துணி தைத்தவர் டெய்லர், பீப்பாய் செய்தவர் கூப்பர், அம்பு செய்தவர் ஃப்ளெட்சர். குன்றடியில் வீடு இருந்தவர் ஹில். ஜானின் மகன் ஜான்சன். வேல்ஸில் நம் இனிஷியல் போலவே அப்பா பெயரைச் சேர்த்துச் சொல்லும் வழக்கம் ரொம்ப காலம் இருந்தது. 'ரீஸின் மகன்' என்ற 'ஆப் ரீஸ்' பிரைஸ் ஆனது, 'ஆப் ஹவெல்' பாவெல் ஆனது. ஐஸ்லாந்தில் இன்றைக்கும் பெரும்பாலோர் அப்பா அல்லது அம்மா பெயரோடுதான் வாழ்கிறார்கள், தலைமுறைக்குத் தலைமுறை அது மாறிக்கொண்டே போகிறது. அப்படிப்பட்ட பெயருக்கு 'ஆயிரம் வருடக் குடும்பச் சின்னம்' என்று யாராவது நீட்டினால் அதற்கு என்ன பொருள் இருக்க முடியும்?

பல நாடுகளில் அரசாங்கம் சொல்லித்தான் பெயரே வைத்தார்கள். ஆஸ்திரியப் பேரரசில் யூதர்கள் நிலையான குடும்பப் பெயர் வைக்கவேண்டும் என்று 1787இல் ஆணை வந்தது. நெப்போலியன் காலத்தில், 1811இல், நெதர்லாந்தில் எல்லோரும் பெயரைப் பதிய வேண்டியிருந்தது. துருக்கியில் குடும்பப் பெயர்ச் சட்டம் 1934இல்தான் வந்தது.

பெயர் மாறுவதும் சகஜம். நார்தம்பர்லாண்ட் பிரபுக்களின் குடும்பப் பெயர் பெர்சி. கேட்டாலே இடைக்காலப் போர்வீரர்கள் ஞாபகத்துக்கு வருவார்கள். ஆனால் இன்றைய ஆண் வழி, ஹியூ ஸ்மித்சன் என்பவரிடமிருந்து வருவது. பெர்சி சொத்துக்கு வாரிசான பெண்ணைக் கட்டிக்கொண்டு, 1750இல் நாடாளுமன்றச் சட்டம் மூலம் பெர்சி என்ற பெயரையும் அந்தச் சின்னத்தையும் ஏற்றுக்கொண்டார் அவர். பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் வின்ட்சர் என்ற பெயரே 1917இல், முதல் உலகப் போரின் நடுவில், ஜெர்மன் பெயரைக் கைவிட்டு வைத்துக்கொண்டது. இதற்கு எதிர்த்திசையில் ஒரு கட்டுக்கதையும் உலவுகிறது. நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் குடியேற்ற அதிகாரிகள் வாய்க்கு வராத பெயர்களைத் தங்கள் இஷ்டத்துக்கு மாற்றி எழுதினார்கள் என்பார்கள். அங்கிருந்த எழுத்தர்கள் கப்பல் நிறுவனம் புறப்பட்ட இடத்திலேயே தயாரித்த பயணிகள் பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள், புதிதாகப் பெயர் எழுதவில்லை. பெரும்பாலும் குடியேறியவர்களே பின்னாளில், வேலைக்கும் பள்ளிக்கும் தோதாக, பெயரைச் சுருக்கிக்கொண்டார்கள்.

நம் பக்கத்து உதாரணம்: தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530களில் கத்தோலிக்க சமயம் தழுவியபோது போர்ச்சுகீசியப் பெயர்களை ஏற்றார்கள். பெர்னாண்டோ, கோமஸ், மச்சாடோ எல்லாம் அப்படி வந்தவை. இலங்கையின் பெரேரா, சில்வாக்களில் பெரும்பாலோர் கதையும் அதை ஒட்டியதே. அந்தப் பெயர்களுக்கு இணையம் காட்டும் சின்னங்கள் ஸ்பெயின், போர்ச்சுகல் பிரபுக் குடும்பங்களுடையவை. மணப்பாட்டிலோ நீர்கொழும்பிலோ தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் போன ஒரு குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய சொந்த வரலாறு இருக்கிறது, ஞானஸ்நானப் பதிவேடுகளில் அதைத் தேடலாம்.

இன்றிலிருந்து பின்னோக்கிப் போங்கள்

இதுதான் உண்மையான வேலை. பழைய பிரபு ஒருவரைப் பிடித்து அவரிடமிருந்து உங்களை நோக்கி இறங்கி வரக்கூடாது, அப்படி வந்தால் நடுவில் இருக்கும் இடைவெளியை ஆசை நிரப்பிவிடும். உங்களிடமிருந்து ஆரம்பித்து, அப்பா, தாத்தா என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு ஆவணம் கையில் இருந்தால் மட்டும் மேலே ஏறுங்கள்.

இங்கிலாந்து, வேல்ஸ் என்றால் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு 1837 ஜூலை 1 முதல் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் 1855, அயர்லாந்தில் 1864 (கத்தோலிக்கர் அல்லாதோர் திருமணங்கள் மட்டும் 1845 முதல்). பதிவு அட்டவணைகளை ஃப்ரீபிஎம்டி தளத்திலும், தேவாலயப் பதிவேடுகள் பலவற்றை ஃபேமிலிசர்ச் தளத்திலும் இலவசமாகப் பார்க்கலாம், ஸ்காட்லாந்துக்கு ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் இருக்கிறது, அதில் படத்தைத் திறக்க மட்டும் பெரும்பாலும் காசு கட்ட வேண்டும்.

முதலில் வாங்க வேண்டிய காகிதம் திருமணச் சான்றிதழ். ஏன் என்று சொல்கிறேன். 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் திருமணச் சான்றிதழ் ஒன்றில் மணமகன், மணமகள் பெயர், வயது, தொழில், வசிப்பிடம், அதோடு இரண்டு பேருடைய அப்பாக்களின் பெயரும் தொழிலும் ஒரே வரிசையில் இருக்கும் (அம்மாக்களின் பெயரைச் சேர்க்க 2021 வரை ஆனது). அப்பாவின் தொழில் கட்டத்தில் 'கூலித் தொழிலாளி', 'நெசவாளர்' என்றிருக்கிறதா, 'ஜென்டில்மேன்' என்றிருக்கிறதா என்று பாருங்கள். இதை வைத்து மட்டும் தீர்ப்பு எழுத முடியாது, பெரிய வீட்டின் இளைய மகன்களின் பிள்ளைகள் இரண்டு மூன்று தலைமுறையில் சாதாரணத் தொழிலுக்கு வந்துவிடுவது உண்டு, ஆனால் எந்தப் பக்கம் தேடவேண்டும் என்று இந்த ஒரு கட்டம் சொல்லிவிடும். கையெழுத்து இடத்தில் பெருக்கல் குறி மட்டும் இருந்தால் அவருக்கு எழுதத் தெரியவில்லை என்று கொள்ளலாம், அப்போது பெயரின் எழுத்துகள் பாதிரியார் காதில் விழுந்தபடிதான் இருக்கும். அதனால் ஒரே பெயரை நான்கைந்து விதமாக எழுதித் தேடுங்கள். ஷேக்ஸ்பியரே தன் பெயரை ஒரே மாதிரி எழுதவில்லை.

அப்புறம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1841 முதல் 1921 வரை பத்தாண்டுக்கு ஒன்று பார்க்கக் கிடைக்கிறது. 1841இல் பெரியவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதியிருப்பார்கள், 37 என்றால் 35 ஆகிவிடும், உறவுமுறையும் இருக்காது. 1851இலிருந்துதான் குடும்பத் தலைவருக்கு யார் என்ன முறை, எந்த ஊரில் பிறந்தவர் என்பது வருகிறது, அந்தப் பிறந்த ஊர்தான் அடுத்த தேவாலயத்துக்கு வழிகாட்டும். 1931 கணக்கெடுப்பு தீயில் அழிந்தது, 1941இல் போரினால் எடுக்கவே இல்லை. 1837க்கு முன்பு போக தேவாலயப் பதிவேடுகள் உண்டு, வைக்கச் சொல்லி ஆணை வந்தது 1538இல். அயர்லாந்தில் மட்டும் கஷ்டப்படுவீர்கள்: 1922இல் டப்ளினில் அரசு ஆவணக் காப்பகம் எரிந்தபோது போனது திரும்பவே இல்லை, 1901, 1911 கணக்கெடுப்புகள் முழுதாக இலவசமாகக் கிடைப்பது ஒரு ஆறுதல்.

மரபணுப் பரிசோதனை எடுக்கலாமா என்று கேட்பார்கள். ஆண் வழியில் இறங்கும் ஒய் குரோமோசோமும் ஆண் வழியில் இறங்கும் குடும்பப் பெயரும் ஒரே பாதையில் போவதால், அரிதான பெயர்களில் இது நன்றாக வேலை செய்யும். லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தபோது அட்டன்பரோ போன்ற அரிய பெயர்க்காரர்கள் பெரும்பாலும் ஒரே மூதாதையரிடம் போய்ச் சேர்ந்தார்கள், ஸ்மித்களிடம் அப்படி எந்த ஒற்றுமையும் இல்லை. காகிதத்தில் இருக்கும் அப்பா வேறாகவும் இருக்கலாம் என்பதற்கு மன்னர் குடும்பமே சாட்சி. 2012இல் லெஸ்டரில் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கண்டெடுத்த மூன்றாம் ரிச்சர்டின் எலும்புகளைச் சோதித்தார்கள். அம்மா வழி பொருந்தியது. அப்பா வழி உறவினர்கள் என்று வம்சாவளி சொன்னவர்களோடு ஒய் குரோமோசோம் பொருந்தவில்லை. பரிசோதனை எடுப்பதற்கு முன் வீட்டில் இதைப் பேசிக்கொள்ளுங்கள், வரும் முடிவைத் தாங்கும் மனநிலையில் எல்லோரும் இருக்கவேண்டும்.

இப்போது சின்னத்தைத் தேடலாம்

ஆண் வழியில் 17ஆம் நூற்றாண்டு வரை ஏறிவிட்டீர்களா? அங்கே ஒரு பொக்கிஷம் காத்திருக்கிறது. 1530 முதல் 1688 வரை, ஹெரால்டுகள் எனப்படும் அரண்மனை அலுவலர்கள் ஒவ்வொரு மாவட்டமாகப் போய், யார் யார் சின்னம் வைத்திருக்கிறார்கள், எந்த உரிமையில் என்று விசாரித்து, வம்சாவளியோடு பதிவு செய்தார்கள். உரிமையில்லாதவர்கள் ஊரறிய அதைக் கைவிட வேண்டியிருந்தது. இந்தப் பதிவுகளின் பிரதிகள் பலவற்றை ஹார்லியன் சொசைட்டி அச்சிட்டிருக்கிறது, பழைய தொகுதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அச்சில் வந்தவற்றில் பிற்காலத்தில் யாரோ சேர்த்த வரிகளும் உண்டு, அதனால் அதையே முடிவாகக் கொள்ளாமல், லண்டன் குயின் விக்டோரியா தெருவில் இருக்கும் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸுக்கு எழுதிக் கேளுங்கள். 1484இல் மூன்றாம் ரிச்சர்டின் சாசனத்தால் தொடங்கிய அமைப்பு அது, மூலப் பதிவுகள் அங்கேதான். தேடித்தரக் கட்டணம் உண்டு. எழுதும்போது 'கூப்பர் குடும்பச் சின்னம் எது' என்று கேட்டால் பயன் இல்லை. இன்ன ஊரில், இன்ன ஆண்டில் ஞானஸ்நானம் பெற்ற இன்னார் என் முன்னோர், அவருக்கு முன் இத்தனை தலைமுறை ஆவணத்தோடு இருக்கிறது, இந்த வழியில் யாருக்காவது சின்னம் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள்.

நாட்டுக்கு நாடு விதி வேறு, இதை மறக்கக்கூடாது. இங்கிலாந்தில் சின்னம் பெற்றவரின் ஆண் வழி வாரிசுகள் எல்லோருக்கும் உரிமை உண்டு. ஸ்காட்லாந்தில் மாற்றமில்லாத முழுச் சின்னம் ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும்தான், இளையவர்கள் அங்கே சின்னங்களைக் கவனிக்கும் லார்ட் லயன் நீதிமன்றத்தில் சிறு வேறுபாட்டோடு பதிந்துகொள்ள வேண்டும். 1672 சட்டப்படியான அந்தப் பதிவேட்டில் இல்லாத சின்னத்தை ஸ்காட்லாந்தில் தன்னுடையதாகப் பயன்படுத்துவது குற்றம். அங்கே கடைகளில் விற்கும் வார்ப்பட்டை வளையத்துக்குள் இருக்கும் 'க்ளான்' பேட்ஜ் வேறு விஷயம்: அதில் இருப்பது குலத் தலைவரின் கிரெஸ்ட், அதை அணிவது 'நான் அந்தத் தலைவரைச் சேர்ந்தவன்' என்று காட்டுவது. அந்தக் குலத்தவர் தாராளமாக அணியலாம், ஆனால் அது அவருடைய சொந்தச் சின்னம் ஆகிவிடாது. அயர்லாந்துக்கு டப்ளினில், தேசிய நூலகத்தோடு சேர்ந்து, தலைமை ஹெரால்டு அலுவலகம் இருக்கிறது. சுவிட்சர்லாந்து, ஜெர்மனிப் பக்கம் ஊர்க்காரர்களும் விவசாயிகளும்கூடத் தாங்களாகவே சின்னம் வைத்துக்கொண்டார்கள். போலந்தில் கதையே தலைகீழ், லெலிவா என்ற ஒரே சின்னத்தை வெவ்வேறு குடும்பப் பெயர் கொண்ட ஏராளமான வீடுகள் பகிர்ந்துகொண்டன.

இங்கிலாந்தில் போலீஸ் வந்து கோப்பையைப் பிடுங்காது. கேடயச் சின்னங்கள் பற்றிய வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றம் 200 ஆண்டுகளுக்கு மேல் கூடாமல் இருந்து, 1954இல் ஒரே ஒரு முறை கூடியது. மான்செஸ்டர் நகரச் சின்னத்தை ஒரு நாடக அரங்கம் பயன்படுத்தியதற்கு எதிராக மாநகராட்சி தொடுத்த வழக்கு அது, மாநகராட்சி ஜெயித்தது. அதற்குப் பிறகு இன்றுவரை கூடவில்லை. அழகுக்காக ஒரு கோப்பை வாங்குகிறீர்கள் என்றால் வாங்குங்கள். கல்யாணப் பத்திரிகையில், லெட்டர்பேடில், மோதிரத்தில் 'எங்கள் வம்சச் சின்னம்' என்று போடும் முன்தான் மேலே சொன்ன வேலையைச் செய்யவேண்டும்.

சொந்தமாக ஒன்று வேண்டும் என்றால்

தேடி முடித்துப் பார்த்தால் பெரும்பாலோருக்குப் பழைய சின்னம் எதுவும் இருக்காது. அதில் ஒரு குறையும் இல்லை, இங்கிலாந்து மக்களிலேயே மிகப் பெரும்பாலோர் நிலை அதுதான். ஆனால் புதிதாக ஒன்றை முறைப்படி பெறலாம், அது முழுக்க உங்களுடையதாகவே இருக்கும். கனடாவில் குடியுரிமை பெற்ற நம் ஆட்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1988 வரை கனடாக்காரர்கள் இதற்கு லண்டனுக்கோ எடின்பரோவுக்கோ எழுத வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஆளுநர் நாயகத்தின் அலுவலகத்தோடு சேர்த்து ஒட்டாவாவில் கனடிய ஹெரால்டிக் அத்தாரிட்டி அமைந்தது. கனடியக் குடிமக்கள் யாரும் விண்ணப்பிக்கலாம், ஆண் பெண் வேறுபாடு இல்லை, குடும்பப் பெயர் இருக்கிறதா இனிஷியல்தானா என்பதும் ஒரு தடையில்லை. உங்களைப் பற்றிய விவரமும், ஊருக்கு, சமூகத்துக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதும் கேட்பார்கள். வடிவமைப்பு, ஓவியம் எல்லாம் சேர்த்துச் சில ஆயிரம் டாலர் ஆகும், மாதக்கணக்கில், பெரும்பாலும் வருடத்துக்கு மேல் காத்திருக்கவும் வேண்டும். இங்கிலாந்தில் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸை மேற்பார்க்கும் ஏர்ல் மார்ஷலுக்கு மனுப் போடுவார்கள், செலவு சில ஆயிரம் பவுண்ட், கையால் தீட்டிய தோல் ஆவணம் வரும். அமெரிக்காவில் தனி மனிதர்களுக்குச் சின்னம் வழங்கும் அரசு அமைப்பே கிடையாது, நீங்களே வரைந்து வைத்துக்கொள்ளலாம்.

விண்ணப்பிக்கும் முன் கனடா அமைப்பின் பொதுப் பதிவேட்டை இணையத்தில் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து பாருங்கள், இலவசம்தான். ஒவ்வொரு சின்னத்துக்கும் கீழே எந்த உருவம் எதைக் குறிக்கிறது என்று விளக்கம் இருக்கும், அதைப் படித்தால் உங்கள் கேடயத்தில் எதை வைக்கலாம், எதை விட்டுவிடலாம் என்று தெளிவாகும். சொந்த ஊரின் ஆறு, அப்பா செய்த தொழில், பூ, பறவை என்று பட்டியல் நீளும். கேடயத்துக்கு இரண்டு நிறம், ஒரு உருவம் போதும். அசோகச் சின்னத்து நான்கு சிங்கங்களை மட்டும் தொடவே தொடாதீர்கள், இந்தியாவில் அதைத் தவறாகப் பயன்படுத்துவதற்கு எதிராக 2005இலிருந்து தனிச் சட்டமே இருக்கிறது.